முளைக்க மறுக்கும் குளிர்நாட்டுச் செம்பருத்தி: தோட்டப்புற வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் புங்கா ராயா எனும் செம்பருத்தி இல்லாத வாசலைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஒரு கிளையை ஒடித்து ஈர மண்ணில் செருகினால் போதும், அது வேர் பிடித்துவிடும். அந்தச் சுலபத்துக்குப் பழகியவர்கள், 20 முதல் 30 சென்டிமீட்டர் அகலம் விரியும் வெளிநாட்டுச் செம்பருத்தியின் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு விதை வாங்குகிறார்கள். விதைத்து ஒரு மாதம் ஆகியும் தொட்டியில் மண் மட்டுமே இருக்கிறது. வேராக வாங்கியவர்களின் நிலை இன்னும் வருத்தமானது. காய்ந்த கட்டை ஒன்றைப் புதைத்துவிட்டுத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். சில வாரங்களில் செத்துவிட்டது என்று முடிவு கட்டிக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போன கட்டைகளில் பல உயிரோடு இருந்தவை. அந்த இழப்பைத் தவிர்ப்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

விற்பனைக்காரர்கள் ஹார்டி ஹிபிஸ்கஸ் என்று சொல்லும் செடி பெரும்பாலும் ஹிபிஸ்கஸ் மாஸ்கியூட்டோஸ் என்ற இனமோ அதன் கலப்பினமோதான். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஆற்றோரங்களிலும் சதுப்பு நிலங்களிலும் தானாக வளர்வது. 1960-இல் மலேசியாவின் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட நம் புங்கா ராயா, ஹிபிஸ்கஸ் ரோசா-சைனென்சிஸ், ஆண்டு முழுவதும் இலையோடு நிற்கும் புதர். இதுவோ குளிர்காலம் வந்தால் தரைக்கு மேலே உள்ள தண்டு முழுவதையும் காயவிட்டு, மண்ணுக்கடியில் தடித்த வேர்க்கிழங்கோடு உறங்கிவிடும். பனி போன பிறகும் உடனே எழாது. மண் நன்றாகச் சூடேறும் வரை காத்திருக்கும். அமெரிக்காவின் வட மாநிலங்களில் மற்றச் செடிகளெல்லாம் பச்சை கட்டிய பிறகு, மே மாதக் கடைசியில்தான் இதன் முதல் முளை தெரியும். அங்கேயே இதைச் செத்ததாக நினைத்துத் தோண்டி எறிகிறவர்கள் உண்டு.

ஆகவே தாமதம் இந்தச் செடியின் இயல்பு. அது மூன்றுக்காகக் காத்திருக்கிறது. விதையாக இருந்தால் உறைக்குள் தண்ணீர் இறங்க வேண்டும். வேராக இருந்தால் மண் சூடு வேண்டும். செடியாக வளர்ந்த பிறகு நீண்ட பகல் வேண்டும். பேராக்கில் பகலில் 32, 33 டிகிரியும் இரவில் 23, 24 டிகிரியும் இருப்பதால் சூட்டைப் பற்றிக் கவலை இல்லை. மற்ற இரண்டையும் நாம்தான் கொடுக்க வேண்டும்.

வாங்கும்போது

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பையில் விதையையோ வேரையோ போட்டுக்கொண்டு வரச் சொல்லாதீர்கள். தாவரப் பொருளைக் கொண்டுவர மலேசிய அரசின் இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். இதை வெறும் காகித வேலை என்று பால்மரத்தை நம்பி வளர்ந்த நாம் நினைக்கக் கூடாது. தென் அமெரிக்க இலைக்கருகல் நோய் ரப்பர் மரத்தையே அழிக்கக்கூடியது. அது இந்த மண்ணுக்கு வராமல் இருப்பதற்கு இத்தகைய கட்டுப்பாடுகளும் ஒரு காரணம். முறைப்படி இறக்குமதி செய்து உள்ளூரில் விற்பவரிடம் வாங்குங்கள்.

விதையா, வேரா என்றால் முதல்முறை வளர்ப்பவருக்கு நான் விதையையே சொல்வேன். விலை குறைவு. நம் சூட்டிலேயே பிறந்து வளரும் கன்று இந்தச் சூழலுக்குப் பழகியும் இருக்கும். லூனா, டிஸ்கோ பெல் போன்ற குட்டை ரகங்கள் தொட்டிக்கு ஏற்றவை. உயர ரகங்கள் ஆள் உயரம் போய்விடும். அடுக்குமாடி வீட்டு நடைபாதையில் அவற்றுக்கு இடம் போதாது.

முதல் படி: விதை உறையைத் திறப்பது

விதை மிளகை விடச் சிறியது, பழுப்பு நிறம், ஒரு பக்கம் சற்று உள்வாங்கி அவரை வடிவத்தில் இருக்கும். உறை மிகக் கடினமானது. அதில் வழி கிடைக்கும் வரை தண்ணீர் உள்ளே போகாது. தண்ணீர் போகாமல் கரு விழிக்காது. காட்டில் மண்ணின் உராய்வும் வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டு உறை தளர ஒரு பருவமோ அதற்கு மேலோ ஆகலாம். நாம் அந்த வேலையை ஒரு நிமிடத்தில் செய்துவிடலாம்.

உள்வாங்கிய பக்கத்தில் ஒரு சிறு தழும்பு தெரியும். கருவின் வேர் நுனி அதை ஒட்டியே இருப்பதால் அங்கே கை வைக்காதீர்கள். அதற்கு எதிர்ப்புறம், வளைந்த முதுகில், நகவெட்டியாலோ கூரான பிளேடாலோ உறையை மட்டும் துளி அளவு கீறுங்கள். உள்ளே வெள்ளை தெரிந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். கை நடுங்கும் பெரியவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. ஒரு தீப்பெட்டியின் உள்பக்கத்தில் உப்புத்தாளை ஒட்டி, விதைகளைப் போட்டு மூடி, பளபளப்பு மங்கும் வரை குலுக்கினால் போதும்.

பிறகு கை பொறுக்கும் வெந்நீரில் இரவு முழுவதும் ஊறவிடுங்கள். காலையில் பார்த்தால் சில விதைகள் ஏறக்குறைய இரு மடங்கு உப்பியிருக்கும். சில அப்படியே கிடக்கும். உப்பியவை விதைக்கத் தயார். உப்பாதவற்றை எறியாமல் துடைத்து, மீண்டும் கீறி, மீண்டும் ஊறவையுங்கள். ஒரு நாளுக்கு மேல் தண்ணீரில் விட வேண்டாம். காற்று இல்லாமல் உள்ளே அழுகத் தொடங்கும்.

குளிர்பெட்டியில் ஈரத்தோடு சில வாரம் வைத்தால்தான் முளைக்கும் என்று சிலர் சொல்வதுண்டு. இந்த விதைக்குத் தடையாக இருப்பது உறைதான். உறையைத் திறந்துவிட்டால் குளிர் தேவைப்படாது. ஒவ்வொரு விதைக்கும் தனித் தடை உண்டு என்பது செம்பனை நாற்றங்காலில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். செம்பனை விதையைச் சுமார் 40 டிகிரிச் சூட்டில் பல வாரம் வைத்த பிறகே முளைக்கவிடுவார்கள். அந்த முறையை இங்கே கொண்டுவந்தாலும் பயன் இல்லை, குளிர்நாட்டு ஆப்பிள் விதையின் முறையைக் கொண்டுவந்தாலும் பயன் இல்லை.

இரண்டாம் படி: விதைப்பது

தென்னை நார்த்தூளும் கருக்கிய உமியும் சம அளவு. உமி கிடைக்காவிட்டால் ஆற்று மணல். நார்த்தூளை இரண்டு மூன்று முறை அலசிப் பிழியுங்கள். அதில் உப்பு இருக்கக்கூடும். கலவையைப் பழைய பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கும் நீரை ஊற்றி ஆறவிடுங்கள். இந்த ஒரு வேலையைத் தவிர்ப்பவர்கள்தான் பின்னால் கன்றுகளை இழக்கிறார்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் மண்ணில் வாழும் பூசணம் பிஞ்சுத் தண்டைத் தரையோடு ஒட்டி அழுகவைத்துவிடும். மாலையில் நிமிர்ந்து நின்ற நாற்று காலையில் சாய்ந்து கிடக்கும். அதற்குப் பிறகு மருந்து தேடிப் பயனில்லை.

அடியில் துளையிட்ட சிறு கோப்பை ஒன்றுக்கு ஒரு விதை. ஒரே தட்டில் கூட்டமாக விதைத்தால் ஒன்றின் நோய் எல்லாவற்றுக்கும் பரவும். மேலும், இதன் வேர் அசைத்துப் பிடுங்குவதை விரும்பாது. அரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான ஆழம் போதும். மேலே தண்ணீர் ஊற்றாமல், கோப்பையைத் தண்ணீர்த் தட்டில் கால் மணி நேரம் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிட்டு எடுத்துவிடுங்கள்.

வைக்கும் இடம் மழைச்சாரல் படாததாகவும், வெளிச்சம் உள்ளதாகவும், காற்று ஓடுவதாகவும் இருக்க வேண்டும். வீட்டின் முன்தாழ்வாரம் சரியான இடம். பிளாஸ்டிக் போட்டு மூட வேண்டாம். இங்கே காற்றிலேயே போதுமான ஈரம் இருக்கிறது. நத்தை ஏறாத உயரத்தில் வையுங்கள். ஆப்பிரிக்கப் பெருநத்தை ஒன்று ஒரே இரவில் அத்தனை முளைகளையும் தின்றுவிடும்.

கீறி ஊறவைத்த விதை ஒன்று முதல் இரண்டு வாரத்துக்குள் முளைக்கும். வளைந்த கழுத்து முதலில் தெரியும். சில முளைகளின் தலையில் விதையுறை தொப்பியாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதை இழுக்காதீர்கள், வித்திலையும் சேர்ந்து கிழிந்து வந்துவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து ஊறவிட்டால் தானே கழன்றுகொள்ளும். மூன்று வாரம் ஆகியும் முளைக்காத கோப்பையை மெல்லக் கிளறிப் பாருங்கள். விதை கெட்டியாக இருந்தால் கழுவி, மீண்டும் கீறி, மீண்டும் விதைக்கலாம். விரலில் நசுங்கினால் மட்டும் எறியுங்கள்.

பருவம் என்று பார்த்தால், ஜனவரி, பிப்ரவரி அல்லது ஜூன் நல்லது. ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் கொட்டும் மழைக்கு முன்னால் கன்று தேறிவிடும்.

வேராக வாங்கியிருந்தால்

பையைப் பிரித்தவுடன் முகர்ந்து பாருங்கள். நல்ல வேருக்கு மண் வாசனை மட்டும் இருக்கும். அழுகல் நாற்றம் அடித்தால் மென்மையான பகுதியைக் கத்தியால் வெட்டி எறிந்துவிட்டு, வெட்டுவாயை நிழலில் ஒரு நாள் உலரவிடுங்கள்.

அடுத்து உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது. தோட்டத்தில் ரப்பர் ஒட்டுப்போட்டவர்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. மூன்று வாரம் கழித்துக் கட்டைப் பிரித்து, ஒட்டிய பட்டையை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார்ப்பார்கள். பச்சை தெரிந்தால் ஒட்டுப் பிடித்துவிட்டது. அந்தக் கட்டையை வெறும் கட்டையாகவே நட்டு, கண் வெடிக்கும் வரை வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். ஒருவரும் அதைப் பிடுங்கி எறிய மாட்டார்கள். அந்தப் பொறுமையும் அந்தச் சுரண்டலும்தான் இங்கேயும் வேண்டியவை. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு: பழைய தண்டைச் சுரண்டாதீர்கள். அது எப்போதோ காய்ந்து, உள்ளே கூடாகிப்போனது, இனித் துளிர்க்காது. தண்டும் வேரும் சேரும் தலைப்பகுதியையும் தடித்த வேரையும் சுரண்ட வேண்டும். வெள்ளையாகவோ பச்சையாகவோ ஈரத்தோடு கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. அந்தத் தலைப்பகுதியில் குண்டூசித் தலை அளவுக்கு மொட்டுகள் தெரிந்தால் இன்னும் நம்பிக்கை.

ஓரிரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, மொட்டுப் பகுதி மண்ணுக்குக் கீழே மூன்று சென்டிமீட்டர் இருக்கும்படி நடுங்கள். குளிர்நாட்டு வழிகாட்டிகள் இதைவிட ஆழம் சொல்லும். அது உறைபனியிலிருந்து காக்க. நமக்கு அந்த ஆழம் அழுகலைத்தான் தரும்.

இப்போது தண்ணீர். சதுப்பில் வளரும் செடி என்பதால் தினமும் ஊற்றலாம் என்று எண்ணிவிடுகிறார்கள். இலை வந்த பிறகு அது உண்மை. இலை இல்லாத வேர் தண்ணீரை அதிகம் உறிஞ்சாது. 30 டிகிரிச் சூட்டில் ஊறிக் கிடந்தால் அழுகும். நட்டவுடன் ஒரு முறை நன்றாக ஊற்றுங்கள். பிறகு விரலை மண்ணில் விட்டு, இரண்டு கணு ஆழம் வரை காய்ந்திருந்தால் மட்டும் கொஞ்சம். மழை படாத, ஆனால் தொட்டியின் மீது வெயில் படும் இடத்தில் வையுங்கள். முளை வர மூன்று வாரம் ஆகலாம், எட்டு வாரமும் ஆகலாம். இடையில் தினமும் தோண்டிப் பார்ப்பது மொட்டை முறித்துவிடும். சந்தேகம் வந்தால் மாதத்துக்கு ஒரு முறை ஓரமாக மண்ணை விலக்கி அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருக்கும் வரை விட்டுவிடாதீர்கள்.

பகல் நீளம்: பலரும் தவறவிடும் இடம்

முளைத்தது, நான்கைந்து இலை விட்டது, பிறகு அப்படியே நின்றுவிட்டது. அல்லது இலை உதிர்ந்து மீண்டும் கட்டையாகிவிட்டது. உரத்தையும் மண்ணையும் குறை சொல்வதற்கு முன்னால் கடிகாரத்தைப் பாருங்கள்.

இந்தச் செடி பகலின் நீளத்தை அளக்கிறது. பகல் 14 மணி நேரத்துக்கு மேல் இருந்தால்தான் பூ மொட்டு விடும். பகல் குறுகினால், குளிர்காலம் நெருங்குகிறது என்று கொண்டு உறக்கத்துக்குத் தயாராகும். நியூயார்க் பக்கம் ஜூனில் பகல் 15 மணி நேரம். சுங்கை சிப்புட்டிலோ ஆண்டு முழுவதும் பகல் 12 மணி நேரத்தை ஒட்டியே இருக்கிறது. ஏற்ற இறக்கம் ஏறக்குறைய அரை மணி நேரம்தான். எத்தனை வெயில் கொட்டினாலும், செடியின் கணக்கில் இது முடிவே இல்லாத இலையுதிர்காலம். நம் நாட்டில் இதை வளர்த்துத் தோற்றவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான்.

தீர்வு சிறியது. கேமரன் மலைக்குப் போனவர்கள் சாமந்தித் தோட்டங்களில் இரவில் வரிசையாக விளக்கு எரிவதைப் பார்த்திருப்பார்கள். சாமந்தி நீண்ட இரவில் பூப்பது. தண்டு போதிய உயரம் வளரும் வரை அது பூத்துவிடாமல் தள்ளிப்போட அந்த விளக்கு. நம் செம்பருத்திக்கு அதே விளக்கு எதிர்த்திசையில் வேலை செய்யும்: இரவை உடைத்தால் இது பூக்கும்.

9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று, மஞ்சள் கலந்த வெள்ளை ஒளி, செடியின் நுனிக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்தில். சூரியன் மறையும் ஏழேகால் மணியிலிருந்து இரவு பதினொன்றரை வரை எரியவிடலாம். அல்லது இரவு 10 மணியிலிருந்து 2 மணி வரை எரியவிட்டு நீண்ட இரவை நடுவில் உடைக்கலாம். பின்னதை நான் விரும்புகிறேன். மணிக்கருவி உள்ள பிளக்கில் மாட்டிவிட்டால் மறதிக்கு இடமில்லை, மின்செலவும் அதிகம் இல்லை. இந்த ஒளி செடிக்கு உணவு தயாரிக்க அல்ல, காலத்தைச் சொல்ல மட்டுமே. அதனால் பெரிய விளக்கு தேவையில்லை. ஆனால் ஒரு வாரம் போட்டு ஒரு வாரம் நிறுத்தினால் பலன் கிடைக்காது. கன்றுக்கு ஆறு இலை வந்ததிலிருந்து தொடங்கி, பூக்கும் காலம் முழுவதும் தொடருங்கள். மொட்டு தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகலாம்.

பகலில் குறைந்தது ஆறு மணி நேர நேரடி வெயில் இதோடு சேர்ந்து வேண்டும். செம்பனை நிழல் விழும் கொல்லைப்புறத்தில் விளக்கை மட்டும் நம்பி வைக்காதீர்கள்.

தொட்டி, தண்ணீர், உரம்

உள்ளங்கை உயரம் வந்ததும் பாலிதீன் பைக்கு மாற்றி, பிறகு 30 சென்டிமீட்டர் தொட்டிக்கு மாற்றலாம். நாற்றங்கால்களில் வழக்கமான கலவையே போதும்: மேல்மண் மூன்று பங்கு, மக்கிய எரு இரண்டு, மணல் ஒன்று. 20 சென்டிமீட்டர் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், பக்கக் கிளை வரும்.

இலை பெருகிய பிறகு இது தாராளமாகத் தண்ணீர் குடிக்கும். பிற்பகலில் இலை தொங்கினால் வேர்ப்பகுதி காய்ந்துவிட்டது என்று பொருள். தொட்டிக்கு அடியில் தண்ணீர்த் தட்டு வைப்பது நல்லது, ஆனால் தட்டில் மணலை நிரப்பி அந்த மணலை ஈரமாக வையுங்கள். தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசு ஒன்றரை வாரத்துக்குள் வளர்ந்து பறந்துவிடும். 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி வீட்டில் கொசுப்புழு இருந்தால் தண்டம் உண்டு. தண்டத்தை விட டெங்கி காய்ச்சல் பெரிய விலை.

உரத்துக்கு 12:12:17 நீல உரம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரு தேக்கரண்டி, தண்டை விட்டுத் தள்ளி. முளைத்த முதல் மாதமும், கட்டையாக உறங்கும்போதும் உரம் வேண்டாம்.

மாவுப்பூச்சி புங்கா ராயாவிலிருந்து எளிதாகத் தாவும். இரண்டையும் ஒட்டி வைக்காதீர்கள். வந்துவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சில சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள்.

மீண்டும் உறங்கிவிட்டால்

விளக்கை நிறுத்தியதாலோ தொட்டி காய்ந்ததாலோ தண்டு பட்டுப்போகலாம். காய்ந்த தண்டை ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். அந்த மிச்சத் தண்டு, வேர் எங்கே இருக்கிறது என்பதற்கு அடையாளம். தொட்டியை மழை படாத இடத்துக்கு மாற்றி, தண்ணீரைக் குறைத்து, விளக்கை மீண்டும் தொடங்குங்கள். புது முளை பழைய தண்டில் வராது, மண்ணிலிருந்து வரும். மேலே பார்த்து ஏமாறாமல் தரையைப் பாருங்கள்.

பூ காலையில் விரிந்து ஒரே நாளில் வாடிவிடும், ஆனால் அடுத்தடுத்து மொட்டுகள் வந்துகொண்டே இருக்கும். வெள்ளை, இளஞ்சிவப்பு, அடர்சிவப்பு நிறங்களில் கிடைக்கும். வாடிய பூவைக் கிள்ளினால் செடியின் சத்து மொட்டுகளுக்குப் போகும். விதை வேண்டுமென்றால் இரண்டு பூவை மட்டும் விட்டுவிடுங்கள். காய் பழுப்பாகி, ஐந்து அறைகளும் நுனியில் பிளக்கத் தொடங்கும்போது பறித்து, காகித உறையில் போட்டுத் தேதியும் தாய்ச் செடியின் நிறமும் எழுதி வையுங்கள். கலப்பினமாக இருந்தால் பிள்ளைச் செடி தாயின் நிறத்தில் பூக்கும் என்று சொல்ல முடியாது. பக்கத்து வீட்டாருக்கு விதை கொடுக்கும்போது, நகவெட்டியால் எங்கே கீற வேண்டும் என்பதையும் உறையின் மேலேயே வரைந்து கொடுங்கள்.